ஆவோ மீட்டரும் அதன் கூட்டாளிகளும்

ரேடியோ ரிப்பேர், டெலிபோன், ரயில்வே சிக்னல், மின்வாரியம் என்று ஏதாவது ஒன்றில் 1990-க்கு முன்பு வேலை பார்த்தவர்களிடம் "ஆவோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கறுப்பு நிறம், தோல் வார், இரண்டு பெரிய திருகுகள், கண்ணாடிக்குப் பின்னால் கத்தி போல ஒரு முள், ஒரு செங்கல் கனம். உடனே கண்முன் வந்து நிற்கும். மல்டிமீட்டர் என்ற பொதுப்பெயர் பரவிய பிறகும், எந்தக் கம்பெனி மீட்டராக இருந்தாலும் "அந்த ஆவோவை எடுத்துட்டு வாப்பா" என்று சொன்ன மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

என் வேலைக்காலம் முழுவதும் அளவுக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவிலேயே கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு அதே வேலை பொழுதுபோக்காகிவிட்டது. சம்பளம் இல்லை, மேலதிகாரியும் இல்லை. பழைய மீட்டர்களும் ஒரு ஆசிலாஸ்கோப்பும் ஒரு சிக்னல் ஜெனரேட்டரும் என் அறையில் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றைத் துடைத்து, பழுது பார்த்து, பயன்படுத்தியும் வருகிறேன். இந்தக் கருவிகள் எப்படிப் பிறந்தன, எழுபது வருடம் கழித்தும் இவற்றை ஏன் நம்மால் சரி செய்ய முடிகிறது, நமக்குப் பிறகு இவை என்ன ஆகும் என்பதைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

மூன்று பெட்டிக்குப் பதில் ஒன்று

1920-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தபால் துறையில் டொனால்ட் மக்காடி என்று ஒரு எஞ்சினியர் இருந்தார். அந்த நாட்டில் தந்தியும் டெலிபோனும் தபால் துறையின் கையில் இருந்த காலம் அது. லைனில் பழுது பார்க்கப் போகிறவர் கரண்ட் அளக்க ஒரு கருவி, வோல்ட் அளக்க ஒரு கருவி, ரெசிஸ்டன்ஸ் அளக்க ஒரு கருவி என்று மூன்றையும் சுமந்து போக வேண்டும். மக்காடிக்கு இது அலுத்துவிட்டது. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்றையும் ஒரே முள் காட்டும்படி ஒரு கருவியை அமைத்தார். மூன்றின் முதல் எழுத்துகளையும் சேர்த்தால் கிடைத்த பெயர்தான் ஆவோ.

1923-ல் அது விற்பனைக்கு வந்தது. செய்தது "ஆட்டோமேட்டிக் காயில் வைண்டர்" என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள லண்டன் கம்பெனி. காயில் சுற்றும் இயந்திரம் செய்வது அவர்களுடைய இன்னொரு தொழில். முதல் மீட்டரில் ஏழே ஏழு வீச்சுகள்: கரண்டுக்கு மூன்று, வோல்ட்டுக்கு மூன்று, ரெசிஸ்டன்ஸுக்கு ஒன்று. டி.சி. மட்டும்தான் அளக்கும்.

நாம் பார்த்துப் பழகிய வடிவம் பிறகு வந்தது. இரண்டு திருகுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும் அமைப்பு 1936-ல் தொடங்கியது. இடது திருகு டி.சி.க்கு, வலது திருகு ஏ.சி.க்கு. டி.சி. அளக்க வேண்டுமானால் வலது திருகை "டி.சி." என்ற இடத்தில் வைத்துவிட்டு இடது திருகில் வீச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ.சி. என்றால் அப்படியே மாற்றி. அப்ரண்டிஸாகச் சேர்ந்தவனுக்கு முதல் வாரத்தில் இது புரியாது. புரிந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க மறக்காது.

இன்னொரு விசேஷம் கட்-அவுட். தவறான வீச்சில் வைத்து, முள் வேகமாகப் போய் முட்டினால், உள்ளே ஒரு சின்னப் பொறி விடுபட்டு "டக்" என்று ஒரு பட்டன் மேலே வரும், சர்க்யூட் துண்டாகிவிடும். பட்டனை அழுத்தினால் மீட்டர் மறுபடி தயார். எத்தனையோ மீட்டர்களையும் எத்தனையோ பேருடைய வேலையையும் அந்தப் பட்டன் காப்பாற்றியிருக்கிறது.

1951-ல் வந்த மாடல் 8 தான் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. அந்த மாடல் சின்னச்சின்ன மாற்றங்களோடு 2008 வரை தயாரிப்பில் இருந்தது. ஒரே அளவுக் கருவி 57 வருடம்! நம் வீட்டில் இன்று இருக்கும் எந்த எலக்ட்ரானிக் சாமானுக்கும் அந்த ஆயுள் கிடையாது.

மீட்டர் பொய் சொல்லுமா?

மாடல் 8-க்கு முன் வந்த மாடல் 7-ன் உணர்திறன் வோல்ட்டுக்கு 500 ஓம். மாடல் 8-ல் டி.சி.க்கு அது வோல்ட்டுக்கு 20,000 ஓம். இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம்.

200 வோல்ட் சப்ளையின் குறுக்கே ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை வரிசையாகப் போடுங்கள். நடுப்புள்ளியில் 100 வோல்ட் இருக்க வேண்டும். வோல்ட்டுக்கு 500 ஓம் உள்ள ஒரு மீட்டரை 200 வோல்ட் வீச்சில் அங்கே வைத்தால், அந்த மீட்டரே ஒரு லட்சம் ஓம் சுமையாகிறது. கீழ் ரெசிஸ்டரும் மீட்டரும் சேர்ந்து 50,000 ஓம் ஆகிவிடுகின்றன. முள் காட்டுவது 67 வோல்ட்தான். மாடல் 8-ஐ 250 வோல்ட் வீச்சில் வைத்தால் அதன் சுமை 50 லட்சம் ஓம். அது 99 வோல்ட் காட்டும். இன்றைய டிஜிட்டல் மீட்டரின் சுமை பொதுவாக ஒரு கோடி ஓம். அதில் 99.5 வரும்.

அப்படியானால் பழைய மீட்டர் பொய் சொல்கிறது என்று தோன்றும். இங்கேதான் சரித்திரம் உதவுகிறது. அந்தக் காலத்து ரேடியோ கம்பெனிகள் வெளியிட்ட சர்வீஸ் தாள்களில் ஒவ்வொரு வால்வின் காலிலும் இத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று அட்டவணை இருக்கும். அந்த எண்களை எடுத்தவர்கள் பெரும்பாலும் இது போன்ற குறைந்த உணர்திறன் மீட்டரை வைத்துத்தான் எடுத்தார்கள். எந்த மீட்டர் என்று தாளின் அடியில் குறிப்பிடுவதும் வழக்கம். இன்று ஒருவர் டிஜிட்டல் மீட்டரை வைத்துப் பார்த்து, "தாளில் 67 போட்டிருக்கு, இங்கே 99 இருக்கு, ஏதோ ரெசிஸ்டர் போயிருக்கு" என்று நல்ல ரேடியோவைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். பழைய மீட்டரை வைத்தால் தாளும் முள்ளும் ஒத்துப்போகும். 1940-களின் ரேடியோவை 1940-களின் மீட்டரால் அளப்பது வெறும் பழம்பெருமை அல்ல, அதில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது.

ஒரு பல்பின் கதை

ஆவோ அளக்கும் கருவி. அடுத்தது, அளப்பதற்கு வேண்டிய சிக்னலைத் தரும் கருவி.

ஒரு ஆம்ப்ளிஃபையர் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க, சுத்தமான ஒரு ஒலி அலையை அதற்குள் கொடுக்க வேண்டும். அதைத் தருவது ஆடியோ ஆசிலேட்டர். 1930-களில் நல்ல ஆசிலேட்டர் என்றால் சில நூறு டாலர் ஆகும். ஆசிலேட்டர் என்பது ஊஞ்சல் மாதிரி. தள்ளுவது குறைந்தால் நின்றுவிடும், கூடினால் எல்லை மீறிப் போய் அலையின் வடிவம் கெட்டுவிடும். தள்ளும் அளவைச் சரியாக வைத்திருப்பதுதான் சங்கடம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டெர்மனிடம் படித்த வில்லியம் ஹியூலெட் இதற்கு ஒரு வழி கண்டார். சர்க்யூட்டில் ஒரு சாதாரணச் சின்ன பல்பைச் சேர்த்தார். பல்பின் இழை சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும். அலை பெரிதானால் பல்புக்குள் கரண்ட் கூடுகிறது, இழை சூடேறுகிறது, ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது, அதனால் தள்ளும் வேகம் குறைகிறது. அலை சிறிதானால் இதற்கு நேர்மாறு. யாரும் கை வைக்காமலே அலை ஒரே அளவில் நிற்கும். இவ்வளவுக்கும் செலவு ஒரு பல்பு.

1939 ஜனவரி 1-ம் தேதி ஹியூலெட்டும் அவர் நண்பர் டேவிட் பேக்கர்டும் கூட்டு சேர்ந்தார்கள். பாலோ ஆல்டோவில் ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட்தான் தொழிற்சாலை. முதல் போட்டது 538 டாலர். யார் பெயர் முன்னால் வரவேண்டும் என்று காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். முதல் சரக்குக்கு "200ஏ" என்று பெயர் வைத்தார்கள். 1 என்று வைத்தால் புதுக் கம்பெனி என்று தெரிந்துவிடும் என்ற பயம்! விலை 54 டாலர் 40 சென்ட். அந்த விலைக்குச் செய்து கட்டுப்படியாகாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்து வந்த 200பி-யில் எட்டு பெட்டிகளை வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ வாங்கியது. 1940-ல் வெளிவந்த "ஃபேண்டேசியா" படத்தின் ஒலியமைப்பு வேலைக்காக அது. நமக்கெல்லாம் ஹெச்.பி. என்றால் பிரிண்டர் என்று ஆகிவிட்டது. அதன் வேர் ஒரு சோதனைக் கருவியில், ஒரு பல்பில் இருக்கிறது.

நம் ஊர் ரேடியோ மெக்கானிக் கடைகளில் "சீரிஸ் லாம்ப்" என்று ஒரு பலகை தொங்குமே, நினைவிருக்கிறதா? ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயிண்ட், ஒரு குண்டு பல்பு. ரிப்பேருக்கு வந்த ரேடியோவை நேரடியாக மெயினில் போடாமல் அந்தப் பல்பு வழியாகப் போடுவார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ரேடியோ தப்பிக்கும். ஹியூலெட்டின் பல்பிலும் இந்தப் பல்பிலும் வேலை செய்வது இழையின் அதே குணம்தான். 230 வோல்ட், 60 வாட் பல்பின் இழை எரியும்போது சுமார் 880 ஓம். எரியாமல் ஆறியிருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கரண்ட் குறைவாகப் போகும்வரை பல்பு வழிவிடும், அதிகமானால் தானே தடுத்து நிற்கும். எல்.இ.டி. பல்பு இந்த வேலையைச் செய்யாது. ஆகவே வீட்டில் பழைய குண்டு பல்பு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

அலையை அசையாமல் நிறுத்தியவர்கள்

மூன்றாவது கருவி ஆசிலாஸ்கோப். மின்சாரத்தின் அசைவைக் கண்ணால் பார்க்க வைக்கும் கருவி. இதன் மூலமான கதிர்க்குழாயை 1897-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்தார். பின்னாளில் 1909-ல் மார்க்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்தான்.

1930-களிலேயே ஸ்கோப்புகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றில் படம் நிற்காது, பக்கவாட்டில் ஓடும். ஒரு திருகைப் பிடித்துத் திருப்பித் திருப்பி நிறுத்த வேண்டும். அலையின் வடிவம் தெரியும், ஆனால் அது எத்தனை மைக்ரோசெகண்ட் என்று நம்பிக்கையாகச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துக்காரர் ஹோவர்ட் வோலம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ராடார் ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர். போர் முடிந்து ஊர் திரும்பி, ஜாக் முர்டாக் முதலான நண்பர்களோடு 1946-ல் டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். 1947-ல் அவர்களுடைய முதல் ஸ்கோப்பான 511 வந்தது. விலை 795 டாலர்.

அதன் சிறப்பு "ட்ரிகர்". அலை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும்போதுதான் புள்ளி இடமிருந்து வலமாக ஓடத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தொடங்குவதால், ஒரே கோலத்தை அதே புள்ளிகளின் மேல் திரும்பத் திரும்பப் போட்டது போலப் படம் அசையாமல் நிற்கும். புள்ளி ஓடும் வேகமும் கணக்கிட்டு வைக்கப்பட்டிருந்தது. வேடிக்கை பார்க்கும் பெட்டியாக இருந்தது அன்றிலிருந்து அளவுக் கருவியானது.

அதே 1947-ல் அமெரிக்காவில் ஹீத் என்ற கம்பெனி, போர் முடிந்து மிஞ்சிய உதிரிகளை வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஸ்கோப் ஒன்றை 50 டாலருக்கு விற்றது. ஹீத்கிட் என்ற பெயர் அங்கே பிறந்தது. "இந்த ஒயரை இங்கே ஈயம் வை, வைத்தாயிற்றா, டிக் போடு" என்று ஒவ்வொரு படியாகச் சொல்லும் அவர்களுடைய கையேடு பிரசித்தம். எலக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காகச் செய்பவனும் ஸ்கோப் வைத்திருக்கலாம் என்ற நிலை அதனால் வந்தது.

டெக்ட்ரானிக்ஸின் பழைய ஸ்கோப்பைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பீங்கான் பட்டைகள் வரிசையாக இருக்கும். பட்டையின் மேல் சின்னச்சின்னப் பள்ளங்கள், அவற்றில் வெள்ளிப் பூச்சு. ரெசிஸ்டர்களும் கண்டென்சர்களும் அந்தப் பள்ளங்களில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். சாதாரண ஈயத்தை அங்கே திரும்பத் திரும்ப வைத்தால், உருகிய ஈயம் அந்த வெள்ளியைக் கரைத்துவிடும், பள்ளம் ஒட்டாமல் போகும். அதனால் கொஞ்சம் வெள்ளி கலந்த ஈயத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அந்த விசேஷ ஈயத்தையே ஒரு சின்னச் சுருளாகச் சுற்றி, ஸ்கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பியது.

விற்றுக் காசு வாங்கியாயிற்று. பத்து வருடம் கழித்து, எந்த ஊரிலோ, யாரோ ஒருவர் இந்த மூடியைத் திறப்பார், அவருக்கு இந்த ஈயம் கடையில் கிடைக்காமல் போகலாம் என்று யோசித்திருக்கிறார்கள். கூடவே வரும் கையேட்டில் முழு சர்க்யூட் படம், ஒவ்வொரு புள்ளியிலும் இருக்க வேண்டிய வோல்ட், உதிரிகளின் பட்டியல், அளவு திருத்தும் முறை எல்லாம் இருக்கும். கருவியோடு அதைச் சரி செய்யும் அறிவையும் சேர்த்தே விற்றார்கள். எழுபது வருடம் கழித்தும் இவை உயிரோடு இருப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

நம் ஊரில்

நம் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒரு வெளிநாட்டுக் கருவி வாங்குவது சாதாரண விஷயம் இல்லை. லைசென்ஸ், அனுமதி, காத்திருப்பு. வந்து சேர்ந்த கருவியைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் பத்து வருடத்தில் கழித்துக்கட்டிய கருவி இங்கே முப்பது வருடம் உழைத்தது. ஆவோ 8 போன்றே நாசிக்கில் மோட்வானே நிறுவனம் செய்த மல்டிமீட்டரைப் பாலிடெக்னிக்கில் படித்த பலர் தொட்டிருப்பார்கள்.

கழித்துக்கட்டிய கருவிகள் ஏலத்தில் போய், அங்கிருந்து பழைய சாமான் கடைகளுக்கு வரும். சென்னையில் 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டையும், எலக்ட்ரானிக் உதிரிகளுக்கென்றே பெயர் பெற்ற ரிச்சி தெருவையும் சுற்றாத ரேடியோ பைத்தியங்கள் அந்தக் காலத்தில் குறைவு.

தூங்கும் கருவியை எழுப்பும் முறை

பரணில் பல வருடம் கிடந்த கருவி ஒன்று உங்களிடம் இருந்தால், ஆவலில் உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் பேட்டரி. உள்ளே பழைய பேட்டரி இருந்தால் ஒழுகியிருக்கும். அதை எடுத்து, பச்சை பூத்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆவோ 8-க்கு 1.5 வோல்ட் செல்லோடு 15 வோல்ட் பேட்டரி ஒன்றும் வேண்டும். அந்த 15 வோல்ட் இன்று சுலபமாகக் கிடைப்பதில்லை. 3 வோல்ட் பட்டன் செல் ஐந்தை வரிசையாக அடுக்கி, சுற்றிலும் அட்டை வைத்துக் கட்டினால் வேலை முடிந்தது.

இரண்டாவது கண்டென்சர்கள். பழைய காகிதக் கண்டென்சர்கள் கசியும். எலக்ட்ரோலைட்டிக் வகை உலர்ந்து போயிருக்கும். பல வருடம் மின்சாரம் பார்க்காததற்கு முழு வோல்ட்டையும் ஒரேயடியாகக் கொடுத்தால் வெடிக்கக்கூடும். சீரிஸ் லாம்ப் வழியாகவோ, வேரியாக் இருந்தால் மெல்ல மெல்ல ஏற்றியோ கொடுக்க வேண்டும். சந்தேகமிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

மூன்றாவது ஸ்விட்ச். பாதிப் பழுதுகள் ஸ்விட்சின் அழுக்கில்தான் இருக்கும். உப்புத்தாள் போடாதீர்கள், முலாம் போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலை பிரஷ்ஷில் தொட்டு, திருகைப் பத்து இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் போதும்.

நான்காவது முள். முள் மீட்டரின் காந்தத்தை அதன் இரும்புக் கூட்டிலிருந்து கழற்றக் கூடாது. கழற்றினால் காந்தம் பலமிழக்கும், பிறகு அளவே மாறிவிடும். பிளாஸ்டிக் முகப்பைத் துணியால் அழுத்தித் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, முள் தானாக நகர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து லேசாகத் தடவினால் சரியாகிவிடும்.

வால்வுகளைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். அவை நாம் நினைப்பதை விடக் கெட்டி.

எல்லாவற்றுக்கும் மேலாக உயிர். வால்வு ஸ்கோப்பின் கதிர்க்குழாய்க்குப் பல ஆயிரம் வோல்ட் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். அதை முறைப்படி இறக்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது. மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இருதயத்தில் கருவி பொருத்தியவர்களும், கை நடுக்கம் உள்ளவர்களும் இந்தப் பெட்டிகளைத் திறக்க வேண்டாம். ஆவோவைத் துடைத்துக்கொண்டிருப்பதே நமக்குப் போதுமான சந்தோஷம்.

பெரிய வால்வு ஸ்கோப் அரை கிலோவாட்டுக்கும் மேல் இழுக்கும், எடை 30 கிலோ இருக்கும். மே மாதத்தில் அதை ஓட்டினால் அறையில் அடுப்பு வைத்தது போல இருக்கும். நான் அதை மார்கழியில்தான் எடுப்பேன்.

1955 சுலபம், 1985 கஷ்டம்

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. கருவி எவ்வளவு பழையதோ அவ்வளவு சுலபமாகச் சரியாகிறது. 1955-ல் செய்த ஸ்கோப்பில் இருப்பதெல்லாம் வால்வு, ரெசிஸ்டர், கண்டென்சர், டிரான்ஸ்ஃபார்மர். எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம், தனியாக அளக்கலாம், மாற்றலாம். 1970-களிலிருந்து கம்பெனிகள் தங்களுக்கென்றே தனி ஐ.சி.க்களைச் செய்து போட ஆரம்பித்தன. கருவி சிறிதாயிற்று, வேகமாயிற்று, துல்லியமாயிற்று. ஆனால் அந்த ஐ.சி. போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. இன்னொரு செத்த கருவியிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

அதற்குப் பிறகு வந்த சில கருவிகளில் இன்னொரு சிக்கல். அளவுத் திருத்தம் முழுக்க ஒரு மெமரி சிப்பில் எண்களாக இருக்கும், அந்த சிப்பை உயிரோடு வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் கருவிக்கு எல்லாம் மறந்துபோகும். கருவி ஓடும், ஆனால் அது காட்டும் அளவை நம்ப முடியாது. விஷயம் தெரிந்தவர்கள் பேட்டரி தீருமுன் அந்த எண்களைப் படித்து எடுத்து, புது சிப்பில் ஏற்றிவிடுகிறார்கள்.

புதியவற்றைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஸ்கோப் எடையிலும் மின்செலவிலும் என் பழைய பெட்டியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். துல்லியமாக ஒரு எண் வேண்டுமென்றால் நானும் டிஜிட்டல் மீட்டரைத்தான் எடுக்கிறேன். ஆனால் மெல்ல ஏறி இறங்கும் வோல்ட்டையோ, ஆட்டம் காணும் ஒரு இணைப்பையோ பார்க்க முள்தான் வசதி. எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். முள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைக் கண் உடனே பிடித்துவிடும். பழையதும் புதியதும் ஒரே மேஜையில் இருப்பதுதான் சரி.

நமக்குப் பிறகு

என் வயதுக்காரர்களோடு இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. நாம் போன பிறகு இவற்றை யார் வைத்துக்கொள்வார்கள்?

பதில் பெரும்பாலும் காயலான் கடைதான். பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது. அவர்களுக்கு அது கறுப்புப் பெட்டி, தூசி, இடத்தை அடைக்கும் சாமான். செம்புக்கும் இரும்புக்கும் எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். கையேடு பழைய பேப்பரோடு போகும். பெட்டி போனால்கூடப் பரவாயில்லை, இன்னொரு பெட்டி எங்காவது இருக்கும். ஆனால் எந்தத் திருகு எதற்கு, எந்தக் கண்டென்சரை எப்போது மாற்றினோம், எந்த வீச்சு எவ்வளவு தப்பாகக் காட்டும் என்பதெல்லாம் நம் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் நான் போன வருடத்திலிருந்து சில காரியங்கள் செய்து வருகிறேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு அட்டை. அதில் பெயர், அது என்ன வேலை செய்யும், ஓடுகிறதா இல்லையா, எங்கே ஆபத்து, கடைசியாக என்ன மாற்றினேன் என்று தமிழில், பெரிய எழுத்தில். அந்த அட்டையைக் கருவியின் கைப்பிடியில் கட்டிவிடுகிறேன். கையேட்டை அதே கருவியோடு ஒரு பையில் வைக்கிறேன். வீட்டில் உள்ளவர்களிடம் "இந்த மூன்றை மட்டும் எடைக்குப் போடாதீர்கள், இன்னாரிடம் கொடுங்கள்" என்று சொல்லி எழுதியும் வைத்தாயிற்று. ஓடாத, பாகமும் தேறாத இரண்டு பெட்டிகளை நானே கழித்துவிட்டேன். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்தால் எதுவும் தேறாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருவிலிருந்து பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் வருகிறான். முதல் நாள் அவனுக்கு ஆவோவின் இரண்டு திருகும் குழப்பிவிட்டது. அந்த இரண்டு லட்சம் ஓம் கணக்கை அவனையே மேஜையில் பூட்டி அளக்கச் சொன்னேன். டிஜிட்டல் மீட்டரில் ஒரு எண், பழைய மீட்டரில் இன்னொரு எண். "தாத்தா, இதுல எது சரி?" என்றான்.

"ரெண்டும் வைக்காதப்போ என்ன இருக்கும்னு கணக்குப் போடு" என்றேன். பேப்பர் எடுத்துப் போட்டான். அடுத்த வாரம் சீரிஸ் லாம்ப் பலகை செய்ய ஹோல்டரும் ஒயரும் அவனே வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். குண்டு பல்பு மட்டும் கடையில் கிடைக்கவில்லையாம். என்னிடம் நான்கு இருக்கிறது.